பத்மினிக்கு எவர்சில்வரா, சாதா இரும்பா?

பழைய சைலன்சரைக் கழற்றிச் சாய்த்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. டிகாக்‌ஷன் நிறம், கூடவே கைப்பிடி அளவு துருச் செதில். என் 1975 மாடல் பிரீமியர் பத்மினி கார் அந்த ஆண்டில் 600 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. திருவான்மியூரில் கூரைக்கு அடியில் நிற்கிற வண்டி. மழை பட வழியே இல்லை. மேல்பக்கம் தட்டினால் தகடு திடமாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், அப்பளத்தைக் குத்தியதுபோல் உள்ளே போய்விட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கி நானே பூட்டியது அது. இந்த முறையும் அதே சாதா இரும்பையே வாங்குவதா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டு எவர்சில்வருக்குப் போனேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிரில் இருந்த வழிகள் மூன்று. சாதா இரும்பில் பழைய அச்சிலேயே வரும் ரெடிமேட் சைலன்சர், குழாய் செட். அலுமினியப் பூச்சு கொடுத்த இரும்புக் குழாயை அளவுக்கு வளைத்துச் செய்துகொள்வது. அதே வேலையை 304 ரக எவர்சில்வரில் செய்வது. விலையில் சாதா இரும்பை மிஞ்ச ஒன்றும் இல்லை. எனக்குச் சொன்ன கணக்கில் எவர்சில்வர் அதைப்போல மூன்றரை மடங்கு. பளபளப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவன் நான் ஒருவன்தான். 1089 சிசி எஞ்சினுக்கு எவர்சில்வர் குழாய் மாட்டினால் இழுவை கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

"எப்போதாவது எடுக்கிற வண்டிக்கு எதற்கு சார் எவர்சில்வர்? தினமும் ஓட்டுகிறவர்கள் போட்டால் நியாயம்" என்றார் கடைக்காரர். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. அந்த அரை டம்ளர் தண்ணீர்தான் கணக்கைத் திருப்பிப் போட்டது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. குழாய் சூடாக இருந்தால் ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் உள்சுவரில் வியர்த்து, வழிந்து, சைலன்சரின் அடியில் தேங்கும். எஞ்சினிலிருந்து தள்ளிப் பின்னால் இருப்பதால் சைலன்சர் சூடேற நேரம் பிடிக்கும். நான் பெசன்ட் நகர் வரை போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் அது வெதுவெதுப்பாகியிருந்தாலே அதிசயம். கால் லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரிந்திருக்கும். அதற்கு ஈடான தண்ணீரில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். பெட்ரோலில் இருக்கும் துளி கந்தகமும் சேர்ந்தால் அது வெறும் தண்ணீர்கூட இல்லை, லேசான அமிலம். அதை வைத்துக்கொண்டு வண்டி அடுத்த ஞாயிறு வரை நிற்கிறது.

மும்பையில் 2023 வரை டாக்ஸியாக ஓடிய பத்மினிகளை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சூடாக ஓடும் குழாயில் தண்ணீர் தங்க இடமேது? அந்த ஓட்டத்துக்குச் சாதா இரும்பு போதும். நின்றுகொண்டே இருக்கும் வண்டிதான் உள்ளிருந்து அரிக்கிறது. கடல் காற்றால்தான் துரு என்று இத்தனை நாள் வங்கக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் என் சைலன்சரை ஓட்டையாக்கியது வெளித்துரு அல்ல.

அலுமினியப் பூச்சு நடுவழிபோலத் தோன்றும். பூச்சு இருக்கிற இடத்தில் நன்றாகவே காக்கும். ஆனால் அறுத்த முனையிலும் வெல்டிங் போட்ட இடத்திலும் பூச்சு எரிந்து இரும்பு வெளியே வந்துவிடுகிறது, துரு அங்கேதான் பிடிக்கும். நண்பரின் அம்பாசடரில் மூன்றாவது ஆண்டில் அரித்தது சரியாக வெல்டிங் கோட்டை ஒட்டித்தான். ஒரே ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்வது இது; அவர் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவரும்கூட.

எவர்சில்வரிலும் தொல்லை உண்டு. முதலாவது, வாங்கும்போதே ஏமாறலாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், 304 நேர்க்குழாயில் அது ஒட்டக் கூடாது. முதல் கடையில் 'அசல் 304' என்று நீட்டிய நேர்க்குழாயில் காந்தம் கச்சென்று ஒட்டியது. அது 409 ரகமாக இருக்கலாம். அதுவும் எவர்சில்வர் குடும்பம்தான், ஆனால் குரோமியம் 11 சதவீத அளவில்தான் இருக்கும், மேலே பழுப்புப் படரும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8. வளைத்த இடத்தில் மட்டும் காந்தம் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், வளைப்பதால் அப்படி ஆகும்.

இரண்டாவது, சூட்டில் இது அதிகமாக நீளும். மூன்று மீட்டர் நீளக் குழாய் சராசரியாக 200 டிகிரி ஏறினால் சாதா இரும்பு 7 மில்லிமீட்டர் நீளும், 304 ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். தொங்கவிடும் ரப்பர்களில் அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் அந்த விசை போய், எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மெனிஃபோல்டில் இடிக்கும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் தொங்குகிறதா என்று பார்த்து, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு நீண்ட ஓட்டம் ஓடி ஆறிய பிறகு இன்னொரு முறை.

மூன்றாவது, வெல்டிங். தெருமுனைப் பட்டறையில் சாதா ராடு வைத்து ஒட்டினால் ஒட்டிய கோடு துருப்பிடிக்கும். ஆர்கான் வெல்டிங்தான் வேண்டும். நாளைக்கு வழியில் கல் அடித்துக் குழாய் கிழிந்தால் எந்த ஊரிலும் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டு கிளம்பலாம் என்ற வசதி இரும்புக்கு மட்டுமே உண்டு. நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

சத்தம் கொஞ்சம் மெல்லியதாக, தகர ஒலியோடு மாறியது உண்மை. பழைய கரகரப்பை விரும்புகிறவர்களுக்குப் பிடிக்காது.

அசல் தன்மை போய்விடும் என்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு வி.ஏ. எழுத்துகளோடு தனிப் பதிவு தரும் 2021-ஆம் ஆண்டு விதி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. சைலன்சர் அந்தப் பட்டியலில் இல்லை. கண்காட்சிப் பரிசுக்கு வண்டி வைத்திருப்பவர்கள் சாதா இரும்பிலேயே இருந்துவிடலாம்.

வீட்டில் செய்வது என்று பார்த்தால் மூன்றுக்கும் பாடு ஒன்றுதான், அதில் முக்கால் பங்கு பழையதைக் கழற்றுவது. குழாயை மெனிஃபோல்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்களுக்கு மூன்று மாலை தொடர்ந்து துரு நீக்கும் எண்ணெய் விட்டேன். நான்காம் நாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு ஸ்பேனரை வைத்தேன், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று. ஒன்று 'கிறீச்' என்றது, உடைந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். நல்லவேளை, நட்தான் அசைந்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது பித்தளை நட் போட்டேன். அடுத்த முறை அழுதுகொண்டே கழற்ற வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், இரண்டு ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். புகை கசிகிறதா என்று பார்ப்பது திறந்த வெளியில்தான்.

ஒரு விஷயத்தில் நானும் சிக்கனம் பிடித்தேன். மெனிஃபோல்டிலிருந்து இறங்கும் முன்குழாயை இரும்பாகவே விட்டுவிட்டேன். முதலில் சூடாவது அதுதான், தண்ணீர் அங்கே தங்குவதில்லை. இரும்பும் எவர்சில்வரும் சேரும் அந்த இணைப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு என்னிடம் இரண்டு மழைக்கால அனுபவம்தான் இருக்கிறது. இதுவரை கிளாம்ப் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு மட்டுமே. மாதத்துக்கு ஒருமுறை மாமல்லபுரம் வரை ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து அதைப் பார்த்துக்கொள்கிறேன்.