டாப் முறிந்ததற்காக பிளொக்கை மாற்றாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் எல்லோரும் அறிய வேண்டிய இடம் ஒன்று வவுனியாவில், மன்னார் வீதியில் இருக்கிறது. சின்ன லேத் பட்டறைதான். ஆனால் உள்ளே மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மெசின் வைத்திருக்கிறார்கள்.

காலபோக உழவு நெருங்கும் நேரத்தில் என் மெசி 240 டிராக்டரின் எஞ்சின் பிளொக்கில் ஸ்டட் (தலையில்லாத திருகாணி) இறங்கும் துவாரத்தின் மரை தேய்ந்துபோனது. திருத்தக் கொடுத்த கராஜில் மரை வெட்டும் கருவியான டாப்பை உள்ளேயே முறித்துவிட்டு, "பிளொக்கை மாத்துங்கோ அண்ணை" என்றார்கள். டாப் ஹைஸ்பீட் உருக்கு, துளையிடும் பிட்டும் அதே உருக்கு. பிட் அதன்மேல் வழுக்கி, பக்கத்திலுள்ள வார்ப்பிரும்பைத்தான் தின்னும்.

ஸ்பார்க் மெசினுக்கு உலோகம் எவ்வளவு கடினம் என்பது கணக்கே இல்லை. மின்சாரம் கடத்தினால் சரி. பிளொக்கைத் தொட்டியில் இறக்கி, எண்ணெயால் மூடி, டாப்பின் நடுத்தண்டுக்கு நேரே மெல்லிய செம்புக் கோலை இறக்கினார் வவுனியாப் பட்டறைத் தம்பி. கோல் டாப்பில் முட்டுவதே இல்லை. இடையில் மயிரிழை இடைவெளி; அதில் பாயும் ஒவ்வொரு பொறியும் பல ஆயிரம் பாகை சூட்டில் ஒரு துளி உருக்கை உருக்கி எறிகிறது, எண்ணெய் அதைக் கழுவிக்கொண்டு போகிறது. 1943இல் மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானிகளான லசரெங்கோ தம்பதியர், மின்தொடுகைகள் (சுவிட்சில் ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள்) பொறியால் அரிபடுவதை ஆராயப்போய்க் கண்டெடுத்த வழி இது.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாங்கில் இருந்தேன். அவசரப்படுத்தினாலும் அந்தத் தம்பி வேகத்தைக் கூட்ட மாட்டார், அது எனக்குப் பிடித்தது. நடுத்தண்டு கரைந்ததும் மிச்சத் துண்டுகளை ஊசியால் கிளறி எடுத்தார். துவாரத்தின் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

குறை என்றால், கூலி மணிக்கணக்கு என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை; நீங்களே கேட்டுவிடுங்கள். துவாரத்துக்குள் கரும்பொடி தங்கியிருந்தது, காற்றடித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. மற்றபடி, புது பிளொக்கின் விலையோடு பார்த்தால் நான் கொடுத்தது பெரிய காசில்லை.

போகும்போது பழைய ஸ்டட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கேட்டால் அங்கேயே முறுக்கிப் பார்த்துத் தருவார்கள். அறுவடை, உழவு நேரங்களில் கூட்டம் இருக்கும், போன் பண்ணிவிட்டுப் போவது நல்லது.