நாள் கூலி நடவா, குத்தகை நடவா?

காவிரி டெல்டாவில் குறுவை (குறுகிய கால நெல் பருவம்) நடவுக்கு ஆள் விட இரண்டு வழி. நாள் கூலியில் கை வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் ஒரே சம்பளம். அதனால் வேகமானவரும் வரிசையோடு வரிசையாக நின்றுவிடுவார். குத்தகையில் மாவுக்கு (சுமார் 33 சென்ட்) இவ்வளவு என்று பேசி, நடவுக் குழு பிரித்துக்கொள்ளும். சுறுசுறுப்பான குழுவுக்கு ஆள் ஒன்றுக்குக் கூடுதலாகக் கிடைக்கும், நிலமும் சீக்கிரம் முடியும்.

சிக்கல் தரத்தில்தான். பரப்புக்குக் காசு என்பதால் இடைவெளி அகலும், நாற்று கொத்தாக ஆழத்தில் போகும். தூர் கட்ட (பக்கக் கிளைகள் விட) தாமதமாகும். குறுவைக்கு 15×10 செ.மீ. இடைவெளி, குத்துக்கு (நாற்று ஊன்றும் ஒவ்வொரு இடத்துக்கும்) 2–3 நாற்று, 3 செ.மீ. ஆழம் போதும். சதுர மீட்டர் சட்டம் போட்டு எண்ணினால் 66 குத்து வர வேண்டும். 40தான் என்றால், ஆட்கள் கரையேறும் முன்பே இடைநடவு (விட்ட இடங்களில் நாற்று வைப்பது) கேளுங்கள். காசு கைமாறிய பின் யாரும் சேற்றில் இறங்க மாட்டார்கள்.

ஒரு மாவுக்குள் என்றால் நாள் கூலியே மேல்.