ஹேவ்லாக்கில் போட் டைவுக்குப் பணம் கட்டும் முன்பு

அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங்குக்காகப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2018-இல் ஹேவ்லாக் தீவின் பெயர் ஸ்வராஜ் தீவு என்று மாறிவிட்டது. ஆனால் படகுக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். தூரத்து இடத்துக்கென்று போட் டைவ் பணம் வாங்கிக் கரையோரத்திலேயே இறக்கிவிட்ட டைவ் கடையின் பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியட்டும். தவிர, இதே வேலையை வேறு கடைகளும் செய்வதாக அங்கே சந்தித்த சிலர் சொன்னார்கள். அதனால் ஒரு பெயரைத் தவிர்ப்பதால் மட்டும் நீங்கள் தப்பிக்கப் போவதில்லை.

நானும் என் நண்பனும் ஸ்கூபா பயிற்சியில் அட்வான்ஸ்டு நிலை வரை முடித்தவர்கள். 30 மீட்டர் வரை இறங்கலாம். கற்றுக்கொண்டது புதுச்சேரியில். அங்கே கரையிலிருந்து நடந்துபோய் டைவ் அடிக்கும் பேச்சே கிடையாது, அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் படகில் போய்த்தான் இறங்க வேண்டும். ஹேவ்லாக்கில் இரண்டு வழியும் உண்டு. 2-ஆம் நம்பர் பீச்சில் நீமோ ரீஃப் என்ற இடத்தில் மணலில் இருந்து அப்படியே நடந்து தண்ணீருக்குள் போய்விடலாம். படகில் போனால் லைட்ஹவுஸ், அக்வேரியம், இன்னும் தூரமாக டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார். எங்களுக்கு வேண்டியிருந்தது டிக்சன்ஸ் பினாக்கிள். கடலடியிலிருந்து எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள், உச்சியே சுமார் 18 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம்.

போர்ட் பிளேரில் ஒரு ஏஜென்ட் கிடைத்தார். தமிழர். "நம்ம ஆளுங்களுக்குப் போய் தப்பா செய்வேனாண்ணே?" என்றார். ஊர் விட்டு ஊர் போய்த் தமிழ் கேட்டால் பர்ஸ் தானாகத் திறந்துகொள்கிறது, என்ன செய்வது. ஆளுக்கு 8,000 ரூபாய், இரண்டு டைவ், முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபேயில். டிக்சன்ஸ் போகும் என்று வாயால் சொன்னார். ரசீதில் "2 போட் டைவ்" என்று மட்டும் இருந்தது. இடத்தின் பெயரையும் எழுதுங்கள் என்று நண்பன் கேட்டதற்கு, "அதெல்லாம் அங்க கடையில பாத்துக்குவாங்கண்ணே" என்று பதில் வந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கடைக்குப் போனோம். அந்தமானில் சூரியன் சீக்கிரம் உதித்துச் சீக்கிரம் மறைந்துவிடும், அதனால் படகுகளும் அதிகாலையிலேயே கிளம்பும். எங்கள் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. செய்த டைவ்களை எழுதிவைக்கும் லாக்புக்கைக் கேட்கவில்லை. கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. மருத்துவப் படிவத்தை நீட்டி, "எல்லாத்துக்கும் 'நோ' போட்டுடுங்க சார், டைம் ஆச்சு" என்றார்கள். 30 மீட்டருக்கு அழைத்துப் போகப் போகிற கடை இதையெல்லாம் கேட்காமல் விடுமா? விடாது. கேட்காததன் காரணம் சற்று நேரத்தில் தெரிந்தது.

மேனேஜர் வந்து, வெளியே கடல் சரியில்லை, பக்கத்தில்தான் போக முடியும் என்றார். சரி, வானிலையோடு சண்டை போட முடியாது. டுங்கியில் ஏறினோம். டுங்கி என்பது அந்தப் பக்கத்து மரப் படகு. கரையை ஒட்டியே பத்து நிமிடம் போயிருப்போம், நங்கூரம் போட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் 2-ஆம் நம்பர் பீச்சின் மரங்கள். இடுப்பளவு தண்ணீரில் முதல்முறை டைவ் செய்ய வந்தவர்கள் வரிசையாக நின்று ரெகுலேட்டரில் மூச்சு விடப் பழகிக்கொண்டிருந்தார்கள். நீமோ ரீஃப்! அவர்கள் நடந்து வந்த இடத்துக்கு எங்களைப் படகில் கூட்டிவந்திருக்கிறார்கள். கரை டைவுக்கு இதில் பாதியோ சற்றுக் கூடுதலோதான் விலை.

அங்கே கிடைத்த காற்று டாங்க் பற்றியும் சொல்ல வேண்டும். நிரப்பிய டாங்க் சுமார் 200 பார் அழுத்தம் காட்ட வேண்டும், என்னுடையது 160 காட்டியது. "ஆழம் கம்மிதானே சார், போதும்" என்றார் கைடு. உள்ளே போனதும் பி.சி.டி.யின், அதாவது மிதக்க உதவும் ஜாக்கெட்டின், காற்றேற்றும் பட்டன் சிக்கிக்கொண்டு ஜாக்கெட் தானாக ஊத ஆரம்பித்தது. உப்பு படிந்து, நன்னீரில் ஒழுங்காகக் கழுவாமல் விட்ட ஜாக்கெட்டில் இப்படி ஆகும். விட்டால் ஆளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். பதறிப்போய் மூச்சைப் பிடித்தபடி மேலேறினால், சில மீட்டர் ஆழத்திலிருந்தே கூட நுரையீரல் கிழியலாம். மூச்சை விட்டுக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் காற்று வரும் குழாயைப் பிடுங்கிவிட்டு, ஜாக்கெட்டில் இருந்த காற்றை வெளியேற்றி, நண்பனுக்குச் சைகை காட்டி இருவரும் மெதுவாக மேலே வந்தோம். கைடு முன்னால் ஆறு பேரோடு போய்க்கொண்டிருந்தார், நாங்கள் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. படகில் வேறு ஜாக்கெட்டும் இல்லை. முதல் டைவ் அத்தோடு போயிற்று. வேறு ஒருவருடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு செய்த இரண்டாவது டைவும் அதே ரீஃப்தான், "இது அந்தப் பக்கம் சார்" என்றார்கள். ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டர் காட்டிய அதிகபட்ச ஆழம் 9 மீட்டர் சொச்சம்.

சாயங்காலம் டீக்கடையில் வேறு கடையோடு டைவ் போனவர்களைப் பார்த்தோம். அன்று காலை அவர்கள் டிக்சன்ஸ் போய்விட்டு வந்திருந்தார்கள். அலையே இல்லை என்றார்கள், வீடியோவும் காட்டினார்கள். வானிலை என்று சொன்னது சுத்தப் பொய். எங்கள் கடையில் அன்றைக்கு டிக்சன்ஸ் போக எங்கள் இருவரைத் தவிர ஆள் சேரவில்லை. இரண்டு பேருக்காக அவ்வளவு தூரம் டீசல் செலவழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதை நேராகச் சொல்லியிருந்தால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொண்டிருப்போம்.

திரும்பப் போய்ப் பணத்தைக் கேட்டோம். "போட்ல போனீங்களா இல்லையா சார்?" என்பது மேனேஜரின் வாதம். லாக்புக்கில் இடத்தின் பெயரும் ஆழமும் எழுதி முத்திரை போடுங்கள் என்றால், "ஹேவ்லாக், போட்" என்று எழுதிக் கொடுக்கிறார். நீமோ, 9 மீட்டர் என்று எழுத மாட்டாராம். ஏன் என்று உங்களுக்கே புரியும். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கடைசியில் சமாதானமாக மேனேஜர் ஒரு யோசனை சொன்னார்: நாங்கள் ஊர் திரும்பும் நாள் அதிகாலையில் டிக்சன்ஸ் கூட்டிப் போகிறாராம், முடித்துவிட்டுக் கப்பலைப் பிடித்தால் மதிய ஃப்ளைட்டுக்குப் போய்விடலாமாம்.

பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறையும்போது அது குமிழாக மாறி மூட்டு, நரம்பு, தண்டுவடம் என்று எங்கு வேண்டுமானாலும் பாதிக்கும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கணக்கு. 24 மணி நேரம் விடுபவர்கள்தான் அதிகம். இது ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை வகுப்பிலேயே சொல்லித் தருகிற விஷயம். இது தெரியாத ஆள் டைவ் கடை நடத்தக் கூடாது. தெரிந்தே சொல்கிற ஆள் என்றால் இன்னும் மோசம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கரை டைவ் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். என் தங்கையும் மாப்பிள்ளையும் முதல்முறை டைவ் செய்ய விரும்பினார்கள். அவர்களுக்கும் அதே ஏஜென்ட் போட் டைவைத்தான் தலையில் கட்டப் பார்த்தார், அதுதான் பாதுகாப்பு என்று. நான் தடுத்து, வேறு கடையில் நீமோவில் கரையிலிருந்தே ஏற்பாடு செய்தேன். முதல்முறைக்காரருக்கு அதுதான் நல்லது. கால் ஊன்றி நிற்கிற ஆழத்தில் மூச்சு விடப் பழகலாம், மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றிப் பார்க்கலாம், பயமாக இருந்தால் எழுந்து நின்றுவிடலாம். படகிலிருந்து இறங்கினால் காலுக்குக் கீழே தரை இருக்காது. முதல்முறைக்காரரை எப்படியும் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போகக் கூடாது. அந்த ஆழத்துக்குள் அவர் பார்க்க வேண்டிய நீமோ மீன் கரை ஓரத்திலேயே இருக்கிறது. படகில் வாந்தி வருகிறவர்கள், ரொம்ப நாள் கழித்துத் தண்ணீரில் இறங்குகிறவர்கள், சின்ன உயிர்களை நிதானமாகப் படம் பிடிக்க நினைக்கிறவர்கள், இவர்களுக்கும் கரையே போதும். ஆனால் ஓதம் பார்த்துப் போக வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் டாங்க்கை முதுகில் சுமந்துகொண்டு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும், கலங்கலும் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் சுமார் 2 மீட்டர் வரை போகும். கடைக்காரர் தன் வசதிக்கு நேரம் கொடுத்தால் ஏற்காதீர்கள், உயர் ஓதம் எத்தனை மணிக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு தேவைப்படுவது, நடந்து போக முடியாத இடத்துக்காக. ஆகவே பணம் கட்டும்போது எந்த இடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது. ஓப்பன் வாட்டர் மட்டும் முடித்தவர்கள் 18 மீட்டர் வரைதான் போகலாம் என்பதால் லைட்ஹவுஸ், அக்வேரியம் என்று கேளுங்கள். உங்களை டிக்சன்ஸ் கூட்டிப் போகிறேன் என்று ஒரு கடை சொன்னால் அதுவே வெளியேற ஒரு காரணம். அட்வான்ஸ்டு முடித்தவர்கள் அன்று அதே இடத்துக்கு இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முந்தைய மாலையே விசாரியுங்கள். ஆள் சேராவிட்டால் என்ன, கடல் கெட்டால் என்ன, கரை டைவாக மாறினால் வித்தியாசப் பணம் திரும்ப வருமா, இதற்கெல்லாம் பதில் வாங்கிய பிறகு பாதிப் பணம் கொடுங்கள். நல்ல கடைகள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. நாங்கள் பிற்பாடு போன கடையில் அவர்களாகவே சொன்னார்கள், லாக்புக்கையும் புரட்டிப் பார்த்தார்கள். கடல் உண்மையிலேயே மோசமா என்று தெரிந்துகொள்வது சுலபம்: படகுத்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். மற்ற கடைகளின் டுங்கிகள் கிளம்பிக்கொண்டிருந்தால் உங்களுக்கு மட்டும் தனிக் கடல் இல்லை.

கிளம்பும் முன் டாங்க்கின் அழுத்தத்தைப் பாருங்கள், ஜாக்கெட்டை ஊதிப் பார்த்துப் பட்டன் திரும்புகிறதா என்று பாருங்கள், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேறு ஊர்களில் கணக்கே வேறு. பாலியில் துலாம்பென் என்ற இடத்தில் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலின் சிதைவு கிடக்கிறது. 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டுக் கரையில் ஏற்றப்பட்டது, 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கூழாங்கல் கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் கப்பல். அங்கே இதற்காகப் படகுக்குக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரீபியனில் பொனேர் தீவு முழுவதும் கரை டைவுக்கே பேர் போனது, வாடகை டிரக்கில் டாங்க்கைப் போட்டுக்கொண்டு நாமே போகலாம். இலங்கையில் திரிகோணமலைப் புறாத்தீவு என்றால் படகு இல்லாமல் முடியாது.

எங்கள் விஷயம் இப்போது எங்கே நிற்கிறது என்றால்: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம், அந்தமான் சுற்றுலாத் துறைக்கும் கடை தன் பலகையில் பெயர் போட்டிருக்கும் சான்றிதழ் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் பதிவான ஆழமும் நேரமும், ரசீது, அன்று டிக்சன்ஸ் போனவர்கள் அனுப்பிய வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறோம். இதே அனுபவம் உள்ளவர்கள் உங்கள் கம்ப்யூட்டர் பதிவை அழித்துவிடாமல் வைத்திருங்கள், புகாரில் சேர்க்க உதவும். ஏஜென்ட் இன்னும் போனை எடுக்கவில்லை.