போடேயா, நைக்விஸ்ட்டா: உறுதிநிலையை எதைப் பார்த்துச் சொல்வது?

வெள்ளவத்தையில் என் மாலை வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன் போன கிழமை மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்பிப்போய் இருந்தான். இறுதியாண்டுச் செயற்றிட்டம்: மின்காந்தத்தின் கீழே இரும்புக் குண்டு ஒன்றை அந்தரத்தில் நிறுத்துவது.

"சேர், போடே வரைபில கெயின் மார்ஜின் மைனஸ் 6 டெசிபெல் எண்டு காட்டுது. அப்ப உறுதியில்லைதானே? ஆனா குண்டு விழாமல் நிக்குது."

குண்டு சொன்னதுதான் சரி. போடே வரைபு, பின்னூட்ட லூப்பைச் சுற்றிவரும் சைகை ஒவ்வொரு மீடிறனிலும் எத்தனை மடங்காகிறது (கெயின்), எத்தனை பாகை பின்தங்குகிறது (பேஸ்) என்று காட்டும். பேஸ் 180 பாகை பின்தங்கும் இடத்தில் கெயின் 1 ஐத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதே கெயின் மார்ஜின்; வழக்கமான விதிப்படி அது மைனஸ் என்றால் எல்லை தாண்டியாயிற்று.

போடேயை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாளாந்த வடிவமைப்புக்கு அதை விஞ்ச ஒன்றில்லை. ஒரே மாதிரியான மூன்று முதல்வரிசைப் பின்தங்கல் கட்டங்கள் தொடராக இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 60 பாகை பின்தங்கும் மீடிறனில் மொத்தம் 180 ஆகிவிடும்; அங்கே ஒவ்வொன்றின் கெயினும் பாதி, ஆகவே மூன்றும் சேர்ந்து எட்டில் ஒன்று. எனவே 8 மடங்குதான் எல்லை. 4 மடங்கு வைத்தால் கையில் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபெல் மிச்சம். மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். லூப்பில் 1 மில்லிசெக்கன் தாமதம் புதிதாக வந்தால், செக்கனுக்கு 100 ரேடியனில் பேஸிலிருந்து 5.7 பாகையைக் கழித்தால் போதும். புறக்கோட்டையில் வாங்கிய பாகங்களால் கட்டிய பவர் சப்ளைக்குச் சமன்பாடுகூட வேண்டாம். லூப்புக்குள் சைன் அலையைச் செலுத்தி அளந்ததை அப்படியே வரையலாம்.

ஆனால் இந்த வாசிப்பு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: லூப்பைத் திறந்து வைத்தாலும் (பின்னூட்டத்தைத் துண்டித்தாலும்) அது தானாகவே உறுதியாக இருக்க வேண்டும். காந்தத்தின் கீழே தொங்கும் குண்டு அப்படியல்ல. மாணவனின் கட்டுப்படுத்தி உறுதியான முனைவை (முனைவு என்பது அசைவு தேயுமா வளருமா என்று சொல்லும் எண்) நீக்கிய பிறகு எஞ்சியது, அலகுகளைச் சுருக்கி எழுதினால், 2 / (எஸ் − 1); எஸ் என்பது சிக்கலெண் மீடிறன். பூச்சிய மீடிறனில் பேஸ் மைனஸ் 180, கெயின் 2. மார்ஜின் விதியை மட்டும் பார்த்தால் தோல்விதான்.

அதையே சிக்கலெண் தளத்தில், ஒவ்வொரு மீடிறனின் கெயினையும் பேஸையும் ஒரு புள்ளியாக வைத்து, நைக்விஸ்ட் வரைபாக வரைந்தோம். கெயின் 1, பேஸ் மைனஸ் 180 என்ற எல்லைதான் இங்கே மைனஸ் 1 என்ற புள்ளி. மைனஸ் 1 ஐ நடுவில் வைத்து ஒரு வட்டம், இடஞ்சுழியாக ஒரு சுற்று. திறந்த லூப்பில் உறுதியற்ற முனைவு ஒன்று, இடஞ்சுழிச் சுற்றும் ஒன்று. இரண்டும் சமன் என்பதால் மூடிய லூப்பில் உறுதியற்றது எதுவும் மிஞ்சவில்லை. 1932இல் பொறியியலாளர் ஹரி நைக்விஸ்ட் பின்னூட்ட அம்ப்ளிஃபயர்களுக்காகச் சுற்றுகளை எண்ணும் முறையைத் தந்தார். திறந்த லூப்பே உறுதியற்ற இந்தக் குண்டுக்கும் பின்னாளில் அதே எண்ணிக்கைதான் நீட்டிக்கப்பட்டது.

நைக்விஸ்ட் தரும் இன்னொன்றை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. கெயின் மார்ஜினும் பேஸ் மார்ஜினும் (கெயின் 1 ஆகும் இடத்தில் 180 பாகைக்கு இன்னும் மிச்சமுள்ள பேஸ்) வளைகோட்டின் இரண்டு இடங்களை மட்டுமே பார்க்கின்றன. அவற்றுக்கு இடையில் கோடு மைனஸ் 1 ஐ உரசுமளவுக்கு வந்துபோகலாம். போடேயில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். இங்கே அடிமட்டம் வைத்தே தூரத்தை அளக்கலாம். கெயினையும் பேஸையும் ஒன்றுக்கொன்று எதிராக வரையும் நிக்கல்ஸ் வரைபு மூடிய லூப்பின் உச்சத்தை நேரே வாசிக்க நல்லது, ஆனால் மாணவர்கள் பழகுவது குறைவு.

என் தேர்வு: தீர்ப்புக்கு நைக்விஸ்ட், திருத்தத்துக்குப் போடே, அந்த ஒழுங்கில்தான்.

அந்த மைனஸ் 6 பொய்யான எண் அல்ல. கெயினை எவ்வளவு குறைக்கலாம் என்பதைத்தான் அது சொன்னது. பாதிக்குக் கீழே இறக்கிப் பார் என்றேன். மறுநாள் வட்ஸ்அப்பில் வீடியோ வந்தது: குமிழைத் திருகுகிறான், குண்டு கொஞ்சம் தளர்கிறது, பிறகு டொக்கென்று மேசையில் விழுகிறது.