வாழ்நாள் வேலையா, 'ஜாப்' முறையா? ஜப்பானின் இரண்டு வழிகள்

ஏப்ரல் 1 வந்தால் ஜப்பானில் ஒரே மாதிரி கறுப்பு கோட் போட்ட பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வேலைக்குச் சேர்வார்கள். படிப்பு முடியும் முன்பே, முந்தைய அக்டோபரிலேயே, நிறுவனம் ஆளை முறைப்படி உறுதி செய்துவிடும். என்ன வேலை என்பது அப்புறம்தான் தெரியும். விற்பனையில் சில வருடம், கணக்கில் சில வருடம், திடீரென்று வேறு ஊருக்கு மாற்றல். குடும்பத்தை விட்டுத் தனியாகப் போய் வேலை பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு சொல் உண்டு: தன்ஷின் ஃபுனின். பதிலுக்கு, வயது ஏற ஏறச் சம்பளமும் ஏறும். ஓய்வு வரை வேலை நிலைக்கும். இதுதான் வாழ்நாள் வேலை.

இன்னொன்று 'ஜாப்' முறை. இன்ன வேலை, இன்ன பொறுப்பு என்று எழுதிவைத்து அதற்கு ஆள் தேடுவது. ஹிட்டாச்சி, ஃபுஜிட்சு போன்ற நிறுவனங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. வாழ்நாள் வேலையைக் காப்பது கடினம் என்று 2019-இல் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடாவே சொல்லிவிட்டார்.

முப்பது வயதில் கைத்தேர்ச்சி உள்ளவருக்கு இரண்டாவதுதான் லாபம். மூத்தவர் எழுந்து இடம் விடும்வரை காத்திருக்க வேண்டாம். அனுபவமே இல்லாத இருபத்திரண்டு வயதுக்காரருக்கு? பழைய முறைதான். விசிட்டிங் கார்டை இரு கையால் நீட்டுவதிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆனால் ஒன்று, இந்தச் சலுகையெல்லாம் நிரந்தர ஊழியருக்குத்தான். அங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரமற்ற ஊழியர்; அவர்களுக்கு இரண்டு முறையும் ஒன்றுதான்.