மழை பெய்த மாலைக்குக் காய்ந்த தரை: பயண ஆல்பம் அச்சிடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

போன ஐப்பசியில் அம்மாவை மைசூருக்கு அழைத்துப்போனோம். சனி, ஞாயிறு, திங்கள் என மூன்றே நாள். அம்மா பிறந்தது தாளவாடி. ஐந்தாம் வகுப்புவரை கன்னடப் பள்ளியில் படித்தவர். சின்ன வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அரண்மனை விளக்குகளைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இந்த வயதில் தாங்குவாரா என்று நானும் தங்கையும் பயந்துகொண்டிருக்க, வாந்தி எடுத்தது என் மகன்தான். அம்மா ஆசனூர் வந்ததும் இறங்கி டீ கேட்டார்.

பயணத்தில் ஒரு குறையும் இல்லை. ஏமாந்தது திரும்பி வந்த பிறகு, அந்தப் பயணத்தை ஆல்பமாக்கப் போன இடத்தில்.

அம்மாவுக்குப் போனில் படம் பார்க்கப் பிடிக்காது. விரல் பட்டால் ஓடிவிடுகிறது என்பார். மடியில் வைத்துப் புரட்ட ஒரு புத்தகம் செய்து கொடுக்கலாம் என்று தங்கை சொன்னாள். இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் பலர் இருப்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிடுவானேன்? பன்னிரண்டு அங்குலச் சதுரம், நாற்பது பக்கம், நடுவில் மடிப்பே தெரியாமல் தட்டையாக விரியும் கட்டு, விலை 4,800 ரூபாய். முழுப் பணமும் முன்பே கட்ட வேண்டும். பிறகு ‘வடிவமைப்புக் கட்டணம்’ என்று இன்னொரு 600 கேட்டார்கள். அதையும் கட்டினேன். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

படங்களை எப்படி அனுப்புவது என்று கேட்டேன். “வாட்ஸ்அப்பிலேயே போட்டுவிடுங்கள் சார், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் பேசியவர். இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகும். நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 பிக்சலுக்கு வந்துவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சகத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பன்னிரண்டு அங்குலப் பக்கம் நிறைய வேண்டுமானால் 3,600 பிக்சல் தேவை. நாங்கள் கொடுத்தது பாதிகூட இல்லை. இது எனக்குத் தெரியாதது தவறு என்றால், ஆல்பம் அச்சிடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவருக்குத் தெரிந்தும் சொல்லாதது என்ன? அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படம் சுருங்காமல் போகும். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது.

இதைவிடப் பெரிய தவறு எங்களுடையது. ஞாயிறு மாலைப் படங்கள் முழுவதும் தங்கையின் போனில் இருந்தன. அனுப்பியாயிற்றே என்று, போனில் இடமில்லாத காரணத்தால் அவள் அழித்துவிட்டாள்.

பத்து நாளில் வரும் என்ற பெட்டி ஐந்து வாரம் கழித்து வந்தது. அட்டை கனமாக, பளபளப்பாக இருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மடியில் வைத்தார். தட்டையாக விரியும் என்றார்களே, அது சாதாரணப் பசைக் கட்டு. அழுத்திப் பிடிக்காவிட்டால் தானே மூடிக்கொண்டது. சாமுண்டி மலை நந்தி முன்னால் எட்டுப் பேரும் நிற்கும் படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் நின்ற அம்மா மடிப்புக்குள் போய்விட்டார். ஒரு காதும் புடவைத் தலைப்பும்தான் வெளியே தெரிந்தன. நந்தி மட்டும் முழுதாக இருந்தது.

அடுத்தது தேவராஜா மார்க்கெட். பூக்கடை முன்னால் அம்மா மல்லிகை வாங்கும் படம். தூரத்திலிருந்து பார்க்கக் கச்சிதமாக இருந்தது. அம்மா விரலை வைத்து, கடைப் பலகையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். நின்றார். மறுபடியும் தொடங்கினார்.

“கண்ணு, இது கன்னடம் இல்லையே. இதில் ஒரு எழுத்துகூட எழுத்தாக இல்லை.”

வாங்கிப் பார்த்தேன். கன்னடம் போல வளைந்திருந்த கோடுகள். எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள். சின்னப் படத்தைப் பெரிதாக்க, செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள். அது இல்லாத விவரத்தைத் தானாக ஊகித்து நிரப்பும். எழுத்து வந்தால் எழுத்து மாதிரி ஒன்றைக் கிறுக்கும். முகம் வந்தால் முகம் மாதிரி ஒன்றை வரையும். அப்படித்தான் அம்மாவின் முகத்தையும் வரைந்திருந்தது. கன்னத்து மரு போய்விட்டது, கண்ணோரச் சுருக்கம் போய்விட்டது, மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. அம்மாவின் தூரத்து உறவினர் யாரோ அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

அதற்கும் அடுத்த பக்கத்தில் அரண்மனை. பழைய அரண்மனை 1897-இல் எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடிந்தது இப்போது நிற்பது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளிலும் மாலையில் சுமார் ஒரு லட்சம் பல்புகள் ஒன்றாக எரியும். நாங்கள் போன ஞாயிறு ஆறு மணிவரை நல்ல மழை. நின்றபோது முற்றமெல்லாம் தண்ணீர். ஏழு மணிக்கு விளக்கு வந்ததும் மேலே ஓர் அரண்மனை, கீழே ஈரத்தில் தலைகீழாக இன்னொன்று. கூட்டம் “ஓ” என்று கத்தியது. அம்மா கத்தவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆல்பத்தில் இருந்த அரண்மனை எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. கருநீல வானம், காய்ந்த தரை, மிக அழகான கோணம், ஒரு மனிதர்கூட இல்லை. அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். “இது நாம் பார்த்தது இல்லை. அன்றைக்கு மழை” என்று புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். மூட வேண்டிய வேலைகூட அவருக்கு இல்லை, அதுவே மூடிக்கொண்டது.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். உங்கள் படம் மங்கலாக இருந்ததால் ‘நல்ல படம்’ வைத்தோம் என்றார்கள், ஏதோ உபகாரம் செய்த தொனியில். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்கள். வாடிக்கையாளருக்கென்றே செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். யாரோ எடுத்த படம் எந்த வகையில் எனக்கென்றே செய்தது என்று கேட்டேன். அடுத்த ஆல்பத்துக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி கூப்பன் வந்தது!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அது நீதிமன்றம் அல்ல. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். பிறகு நானே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்துக்குப் போகலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது என்று மூன்றே வரி. நான்காம் நாள் 2,700 ரூபாய் கணக்கில் ஏறியது. சரியாகப் பாதி. அலைய நேரமில்லாமல் அதோடு விட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது.

ஆல்பம் கொடுக்கப்போகிறவர்கள் போனிலிருந்து எடுத்த மூலப் படங்களைப் பென் டிரைவில் கொடுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். புத்தகம் கைக்கு வரும்வரை எதையும் அழிக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நீங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே அச்சிடுவோம் என்று பணம் கட்டும் முன்பே அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். பார்க்கும்போது முகத்தை மட்டும் பார்க்காமல் பெயர்ப் பலகைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கைவைத்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். முகத்தைத் திருத்தக் கூடாது, வெளிப்படம் சேர்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சொல்லுங்கள்.

மழை அரண்மனை வாட்ஸ்அப்பில் சுருங்கியபடி மிச்சமிருந்தது. பெரிதாக்கத்தானே முடியாது, அஞ்சலட்டை அளவுக்கு அது தாராளம். தெருமுனை ஸ்டூடியோக்காரர் கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தார். ஓரத்தில் யாரோ ஒருவரின் குடை பாதி மறைக்கிறது. வெட்டிவிடட்டுமா என்று அவர் கேட்டதற்கு, உடன் வந்திருந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.