ஒரு கொய்யாவும் ஓபி சீட்டும்

தங்கச்சி கல்யாணத்துக்குத் தென்காசி போய்வந்ததை எழுதச் சொன்னால் நான் பல் கதையைத்தான் எழுதுவேன். கல்யாணம் நன்றாகவே நடந்தது.

எனக்கு அப்போது 22 வாரம். மூன்றாம் நாள், வாசலில் கூடைக்காரம்மாவிடம் வாங்கிய கொய்யாவை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டு ஒரு கடி கடித்தேன். வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடமெல்லாம் ரத்தம். காரம் ஈறில் ஏறியதும் கண்ணில் தண்ணீர். "மாசமா இருந்தா அப்படித்தாம்ட்டி இருக்கும். உப்புத்தண்ணி கொப்பளி. பல்லுல மட்டும் கை வச்சிராத" என்றாள் அம்மா.

கேட்காமல் மெயின் ரோட்டில் புதிதாக வந்த பல் கிளினிக்குக்குப் போனேன். ஏசி, மீன்தொட்டி, சுவரில் பல்லைக் காட்டும் வெள்ளைக்காரக் குடும்பம். அரை மணியில் கூப்பிட்டும் விட்டார்கள். நான் இருக்கும் இங்கிலாந்து பர்மிங்காமில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நாற்காலியில் சாய்ந்த பிறகு, "மேடம், கன்சீவா இருக்கீங்களா?" வயிற்றைப் பார்த்தாலே தெரியுமே! "அப்போ எதுவும் பண்ண முடியாது. டெலிவரி முடிஞ்சு வாங்க." வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மவுத்வாஷ் எழுதிக் கொடுத்து 300 ரூபாய்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரைதான் பல் வேலைக்கு வசதியான காலம் என்று பர்மிங்காமில் என்னைப் பார்க்கும் மிட்வைஃப், அதாவது பேறுகால நர்ஸ், சொல்லித்தான் அனுப்பினார். ராத்திரி தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் 1996-ல் ஓர் அமெரிக்க ஆய்வு முடிச்சுப் போட்டது. 2006-ல் வந்த இன்னொன்றில் 823 கர்ப்பிணிகள். ஈறு சிகிச்சையால் குறைப்பிரசவம் குறையவில்லை, ஆனால் ஈறு தேறியது, தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. பிரிண்ட் எடுத்துப் போய் அந்த மீன்தொட்டியில் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

எதிர்வீட்டு நர்ஸ் அக்காதான், "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில பல் டாக்டரம்மா இருக்காங்க, போய்ப் பாரு" என்றார். எனக்கு மனசில்லை. ஓபி சீட்டுக்கு முக்கால் மணி நேரம், அதே பழைய பினாயில் வாசம், ஓடாத ஃபேன். உள்ளே போனதும் டாக்டரம்மா என் துப்பட்டாவை வாங்கிச் சுருட்டி வலது இடுப்புக்கு அடியில் வைத்தார். "மல்லாந்தே படுத்தா கர்ப்பப்பை ரத்தக்குழாயை அமுக்கும், மயக்கம் வரும். லேசா இடப்பக்கம் சாஞ்சுக்கோம்மா." பர்மிங்காமில் எனக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. செய்வதற்கு நாற்காலி கிடைத்தால்தானே?

வாந்தி எடுத்ததும் பல் தேய்ப்பியா என்று கேட்டார். பெருமையாக ஆமாம் என்றேன். "அதைத்தான் செய்யக்கூடாது. அமிலத்துல எனாமல் இளகியிருக்கும். வெறும் தண்ணியில கொப்பளிச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத் தேய்." அப்புறம் ஸ்கேலிங். கீழ்ப்பல் உள்பக்கத்திலிருந்து காரை பொடிப்பொடியாக வந்தது, ஒரு துண்டு அரிசிக் குருணை அளவு. வேலை செய்துகொண்டே சொன்னார்: புரோஜெஸ்டிரான் கூடுவதால் ஈறில் ரத்த ஓட்டம் கூடி வீங்கும், அந்த ஹார்மோனையே தீனியாக்கிக் கொள்ளும் பாக்டீரியாவும் உண்டாம், பேர் பிரிவோடெல்லா இன்டர்மீடியா. பல்லோரம் அழுக்கு இருந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். இருபது நிமிஷம், காசு இல்லை.

"க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்" என்று வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மெதுவாக, "அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் வருவாங்க?" என்றாள்.

டாக்டரம்மா இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அதற்குள் விமானம். இங்கே கர்ப்பிணிகளுக்கு என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் பல் வைத்தியம் இலவசம். சான்றிதழும் என் கையில் இருக்கிறது. ஆறு இடத்தில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள், ஏழாவதில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். சான்றிதழ் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை செல்லும்.